எல்லாருக்கும் டிஃப் லொக் சரிவராது

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு மலரின் வாகனக் கேள்வி பதிலில் மடுல்சீமையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். பழைய டபள் கெப் வைத்திருக்கிறாராம். மழை பெய்தால் லயத்துக்கு ஏறும் பாதையில் பின்சக்கரம் ஒன்று சும்மா சுற்றுகிறதாம், வண்டி நகர்வதில்லையாம். எஞ்சின் பலத்தை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபுக்கு (டிஃபரன்ஷியல்), ஒரு சக்கரம் தனியே சுற்றுவதைக் கொஞ்சம் தடுக்கும் எல்.எஸ்.டி. போடுவதா, இரண்டையும் சேர்த்துப் பூட்டும் டிஃப் லொக் போடுவதா என்று கேட்டிருந்தார். உங்கள் பதில் நாலே வரி. டிஃப் லொக் போடுங்கள், இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும், சேற்றிலும் மணலிலும் சிக்கமாட்டீர்கள் என்று முடித்துவிட்டீர்கள்.

நாலு வரியிலும் பொய்யில்லை. ஆனால் அந்தத் தம்பி அதை வாசித்த கையோடு, பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏறியிருப்பாரோ என்ற கவலை எனக்கு. மணலில் ஓடுகிறவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை மலையில் ஓடுகிறவருக்குச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் பாதைகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பாதி தார், பாதி கல், நடுவில் பாசி பிடித்த கொங்கிரீட். ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் பள்ளம். மூச்சு விடுவதற்குள் ஒரு முடக்கு, கூரான வளைவு.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துக்காரன். பதினெட்டு வயதில் தோட்டத்து டிரக்டரில் கையாளாக ஏறினேன். பிறகு இருபது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி. இப்போது சொந்தமாக ஒரு பழைய ஹைலக்ஸ் கெப் வைத்து ஹயர் ஓட்டுகிறேன். கரட், லீக்ஸ், சீமெந்து, கேஸ் சிலிண்டர், கல்யாண வீட்டு அண்டா குண்டா எல்லாம் ஏறும். சில இரவுகளில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாச்சியும் ஏறுவாள். படித்து வந்த மெக்கானிக் இல்லை. ஆனால் டிஃபை மூன்று தரம் என் கையாலேயே இறக்கி ஏற்றியிருக்கிறேன்.

முதலில் டிஃப் எதற்கு இருக்கிறது என்பதைப் பார்ப்போம். போன லீவில் பேரன் வந்திருந்தான். தரம் எட்டு. வட்டத்தின் சுற்றளவு எதற்குப் படிக்கிறோம் என்று சலித்துக்கொண்டிருந்தான். வா காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போய், மூடிக் கிடக்கும் இஸ்டோர் முற்றத்தில் கெப்பை நிறுத்தினேன். பின்சக்கரம் இரண்டிலும் வெண்கட்டியால் ஒவ்வொரு கோடு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நடக்கிற வேகத்தில் சரியாக அரைவட்டம் போட்டேன். பேரன் வெளிச் சக்கரத்தோடு நடந்து எண்ணினான். பக்கத்து வீட்டுப் பையன் உள் சக்கரத்தோடு. வெளிச் சக்கரம் ஏழு சுற்று. உள் சக்கரம் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. பையன் பிழையாக எண்ணிவிட்டான் என்று இரண்டு பேருக்கும் சண்டை. மறுபடி போட்டோம், அதே கணக்குத்தான்.

பிறகு பேரன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கொப்பியில் போட்டுப் பார்த்தான். இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி ஏறக்குறைய 1.45 மீற்றர். அதை 22/7ஆல் பெருக்கினால் நாலரை மீற்றருக்குக் கொஞ்சம் மேல். டயர் ஒரு சுற்றுக்கு 2.25 மீற்றர் ஓடுகிறது. ஆக இரண்டு சுற்று வித்தியாசம். "தாத்தா, வட்டம் பெருசா இருந்தாலும் சின்னதா இருந்தாலும் அரைவட்டத்துக்கு இதே வித்தியாசம்தான்" என்றான். நாற்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு அது தெரியாது. அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் தோட்ட டிவிசனுக்கு ஏறும் பாதையில் அப்படி முழுதாகத் திரும்பும் முடக்கு பதினொன்று இருக்கிறது. பதினொன்றுக்கும் இரண்டிரண்டாகப் போட்டால் இருபத்திரண்டு சுற்று. இந்த இருபத்திரண்டையும் சத்தமில்லாமல் விட்டுக்கொடுப்பதுதான் சாதாரண டிஃபின் வேலை. டிஃபைப் பூட்டிவிட்டு அதே பாதையில் போனால் அந்த இருபத்திரண்டு சுற்றும் எங்கேயாவது போயாக வேண்டும். டயர் தாரில் தேய்ந்து போகும், இல்லாவிட்டால் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். மண் பாதையில் டயர் வழுக்கிக் கொடுத்துவிடும். தாரில் கொடுக்காது.

இதோடு இன்னொரு தப்பான பேச்சையும் திருத்த வேண்டும். சாதாரண டிஃபில் வழுக்குகிற சக்கரத்துக்கே எல்லாப் பவரும் போய்விடுகிறது என்று கராஜிலேயே சொல்வார்கள். அப்படி இல்லை. கொழுந்து நிறுக்கும் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டும் சமமாக இருந்தால்தான் கோல் நேராக நிற்கும். டிஃப் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் அந்தக் கோல் மாதிரி, இரண்டு ஆக்சிலையும் எப்போதும் ஒரே பலத்தில்தான் தள்ளும். ஒரு சக்கரம் பாசியில் நிற்கிறது, அது தாங்குவது துளிதான் என்றால், நல்ல தரையில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் அதே துளிதான். வேகம் முழுக்க ஒரு பக்கம் போகும், பலம் இரண்டு பக்கமும் சமமாகக் குறையும். மடுல்சீமைத் தம்பியின் வண்டியில் நடப்பது இதுதான். எல்.எஸ்.டி.யும் டிஃப் லொக்கும் இந்தச் சமத்தைக் குலைக்க வந்தவை. ஒன்று கொஞ்சம் குலைக்கும், மற்றது முழுக்கக் குலைக்கும்.

டிஃப் லொக்கை நான் முதன்முதல் கண்டது மஸி ஃபர்கியுஸன் 135 டிரக்டரில். வலது குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெடல். எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர் இரண்டே விஷயம் சொன்னார். சக்கரம் சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்பே அமுக்கு, சுற்றுகிற நேரத்தில் அமுக்கினால் உள்ளே பல் பறக்கும். திரும்புவதற்கு முன் காலை எடு. நான் முதலாவதை ஒழுங்காகக் கேட்டேன். இரண்டாவதை ஒரு நாள் மறந்தேன். உர மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு இஸ்டோர் வாசலில் திருப்பினேன், குதிகால் பெடலிலேயே இருந்தது. டிரக்டர் திரும்பவே இல்லை. முன்சக்கரம் இரண்டும் குறுக்கே திரும்பியிருக்க, வண்டி நேராகவே போய்க் கல்கட்டில் மூக்கை வைத்தது. பெரியவர் ஒன்றும் ஏசவில்லை. என் செருப்பைக் கழற்றச் சொன்னார். ஒரு வாரம் வெறுங்காலோடு ஓட்ட வைத்தார், பெடல் எங்கே இருக்கிறது என்று குதிகாலுக்குத் தெரியட்டும் என்று.

அதை ஏன் சொல்கிறேன் என்றால், பூட்டிய பின் ஆக்சில் வண்டியை நேராகத்தான் தள்ளும். முடக்கில் நேராகப் போவது என்றால் எங்கே போவது என்று மலைநாட்டு வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

என் தங்கச்சி மகன் ஒரு மிட்சுபிஷி ஜீப் வாங்கினான், 4டிஆர்5 எஞ்சின் போட்ட பழைய ஜீப். அவனுக்கும் இதே பிரச்சினைதான். ஒரு கராஜில் மெக்கானிக் பாஸ் ஒருவர் செலவில்லாத வழி இருக்கிறது என்று சொல்லி, டிஃபைப் பிரித்து உள் பல்சக்கரங்களை வெல்டிங் அடித்து ஒட்டிவிட்டார். ஒரேயடியாகப் பூட்டியாயிற்று, இனித் திறக்கவே முடியாது. அவன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். "மாமா, இப்ப ரெண்டு சக்கரமும் சேந்து சுத்துது, வந்து பாருங்க" என்று. சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று பேசாமல் வந்துவிட்டேன். அது என் பிழை.

காய்ந்த மாதம் முழுக்க ஜீப் நன்றாகத்தான் ஓடியது. முடக்குகளில் டயர் கீச்சிடுவதை ஒரு வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஜூனில் மழை பிடித்தது. நோர்வூட்டுக்கு இறங்கும் வழியில், தார் ரோட்டிலேயே, கால் மணி நேரத் தூறலில் நனைந்த ஒரு முடக்கில் ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறான். மூக்கு திரும்பவில்லை. மதகுச் சுவர் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும். பம்பரோடு போயிற்று. ஆகஸ்டில், கோவா மூட்டை ஏற்றி வரும்போது இடப்பக்க ஆக்சில் உடைந்தது. உடைந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். முனையில் நேராக இருக்க வேண்டிய பற்கள், தீபாவளிக்கு அம்மா சுற்றும் கைமுறுக்கு மாதிரி சுற்றியிருந்தன. பேரன் கணக்குப் போட்ட அந்தச் சுற்றுகளில் எத்தனையோ அந்த இரும்புக்குள் போயிருக்கின்றன.

வெல்டிங் அடித்ததற்கும் சுவிட்சில் போட்டு எடுக்கும் டிஃப் லொக்குக்கும் வித்தியாசம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் சுவிட்ச் உள்ளதிலும் ஒரு ஆபத்து உண்டு. அதை எந்த விளம்பரத்திலும் சொல்லமாட்டார்கள். எங்கள் தோட்டப் பாதை நிறைய இடத்தில் பள்ளப் பக்கம் சரிந்திருக்கும். ஈரக் களிமண்ணில் அப்படிச் சரிந்த இடத்தில் ஏறும்போது, சாதாரண டிஃபில் ஒரு சக்கரம் சுற்றும், மற்றது சும்மா நிற்கும். வண்டி ஏறாது, சரி. ஆனால் சும்மா நிற்கிற அந்தச் சக்கரம்தான் வண்டியின் வாலை மேட்டுப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் சுற்றத் தொடங்கிவிட்டால் முன்னுக்கு மட்டுமில்லை, பக்கவாட்டிலும் பிடிப்பு போய்விடும். பூட்டிவிட்டு அமுக்கினால் இரண்டும் சேர்ந்து சுற்றும், இரண்டும் சேர்ந்து பிடிப்பை விடும், வால் மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் நகரும். மெதுவாகத்தான் நகரும். அந்த மெதுவைத் தேயிலைக்கு மேலே உட்கார்ந்து அனுபவித்துப் பார்த்தால்தான் தெரியும். எல்.எஸ்.டி.யிலும் இந்த ஆபத்து கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் காலை எடுத்தால் உள்ளே இருக்கும் பிடியும் பெரும்பாலும் தளர்ந்துவிடும், வால் நிற்கும்.

என் கெப்பில் இருப்பது தட்டு வைத்த எல்.எஸ்.டி. கிளட்ச் தட்டு மாதிரியே மெல்லிய தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாக ஓடப் பார்த்தால் தட்டுகள் உரசும், உரசுகிற அளவுக்குப் பலம் மெதுவாக ஓடுகிற சக்கரத்துக்குப் போகும். முடக்கில் அந்த இரண்டு சுற்றையும் விட்டுக்கொடுக்கும். பாசியில் விட்டுக்கொடுக்காது, முக்கால்வாசி நேரம். நான் எதையும் அமுக்க வேண்டியதில்லை, நினைக்க வேண்டியதும் இல்லை. நடுச்சாமம், மூடுபனி, பின்னால் ஒரு பெண் வலியில் கத்துகிறாள், பக்கத்தில் மாமியார் முருகா முருகா என்கிறாள். அந்த நேரத்தில் எந்த சுவிட்சை எப்போது போட்டேன், எப்போது எடுத்தேன் என்று கணக்கு வைத்திருக்க என்னால் முடியாது.

கடிதம் நீண்டால் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த பந்தியை வெட்டாதீர்கள்.

தட்டு எல்.எஸ்.டி.க்கு அதற்கென்றே உள்ள ஓயில் ஊற்ற வேண்டும். டின்னில் கியர் ஓயிலின் தரக் குறியான ஜிஎல்-5 என்று இருந்தால் மட்டும் போதாது, எல்.எஸ்.டி.க்கு என்றும் அச்சடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்குரிய சேர்மானத்தைத் தனியாக வாங்கிக் கலக்க வேண்டும். எனக்கு ஒரு தடவை ஒரு கராஜில் சாதாரண கியர் ஓயிலை ஊற்றிவிட்டார்கள், நானும் டின்னைப் பார்க்கவில்லை. இரண்டு வாரத்தில், முடக்கில் மெதுவாகத் திரும்பும்போதெல்லாம் பின்னால் கட கட கட என்று ஒரு நடுக்கம். நேர் ரோட்டில் ஒன்றுமில்லை. அதே கராஜுக்குப் போனேன். டிஃப் முடிந்துவிட்டது, வேறு எடுத்துப் போட வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகைக்கு அன்றைக்கு என் வீட்டுக் கூரையையே மாற்றியிருக்கலாம். ஹட்டனில் பழைய கூட்டாளி ஒருவன் இருக்கிறான், அவனிடம் கேட்டேன். "ஓயில் என்ன ஊத்துன?" என்று ஒரு கேள்விதான் கேட்டான். பழையதை வடித்துவிட்டு, எல்.எஸ்.டி. ஓயில் இரண்டு லீற்றர் சொச்சம் ஊற்றி, தோட்டத்து மைதானத்தில் லைசன்ஸ் எடுக்க வந்தவன் மாதிரி எட்டு எட்டாகப் போட்டேன், நடக்கிற வேகத்தில். அப்படிச் சுற்றினால்தான் புது ஓயில் தட்டுகளுக்கு நடுவில் போகும். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் பிட்சைக் கெடுக்கிறேன் என்று கத்தினார்கள். அன்றைக்குப் பின்னேரமே சத்தம் குறைந்தது. அடுத்த நாள் இல்லை.

தட்டு இல்லாமல் சரிவுப் பல் வைத்த எல்.எஸ்.டி.யும் உண்டு, டோர்சன் மாதிரி. அதற்குத் தனி ஓயில் தேவையில்லை, தேய்வதும் குறைவு. ஆனால் அது ஒரு பெருக்கல் வாய்ப்பாடு. குறைந்த பிடிப்புள்ள சக்கரம் தாங்குவதை இரண்டு மடங்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ ஆக்கி மற்றதற்குக் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் பூச்சியத்தைப் பெருக்கினாலும் பூச்சியம்தானே. அப்போது ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று பல்லுக்கு இழுத்துக்கொண்டு மெதுவாக அமுக்கினால், தூக்கிய சக்கரத்துக்கு பிரேக்கே ஒரு பாரமாகி, பெருக்குவதற்கு ஏதோ கிடைக்கும். இதை எல்லா வண்டிக்கும் ஒரு தந்திரமாகச் சொல்லித் திரிகிறார்கள். சாதாரண டிஃபில் இதனால் பலன் இல்லை. ஹேண்ட்பிரேக் இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடிக்கும், தராசுக்கோல் பழையபடி சமமாகவே நிற்கும்.

சரி, எல்.எஸ்.டி. என்னை ஒருபோதும் கைவிடவில்லையா என்றால், விட்டிருக்கிறது. மேல் டிவிசனுக்குப் போகிற வழியில் மழை ஒரு வடிகானை உடைத்துப் பாதைக்குக் குறுக்கே ஓடியிருந்தது. முழங்கால் ஆழத்துக்கு ஒரு வெட்டு. கோணலாக இறங்கியதில் இடப் பின்சக்கரம் ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் சுற்றியது. வலப் பின்சக்கரம் கல்லின் மேல் நன்றாக உட்கார்ந்திருந்தது. ஆனால் தட்டுகள் ஸ்பிரிங் அழுத்தத்துக்கு உரிய பலத்தை மட்டும்தான் அதற்குக் கொடுத்தன, ஐந்நூறு கிலோ சீமெந்தோடு ஏற அது காணாது. முன்சக்கரங்களும் இழுக்கும்படி போட்டுப் பார்த்தேன். முன்னாலும் ஒரு சக்கரம் சேற்றில் சுற்றியது. மூட்டைகளை இறக்கி, லயத்து ஆட்கள் பத்துப் பேர் பின்னால் ஏறி நின்று, ஒரு மணி நேரம் பிடித்தது. அங்கே ஒரு சுவிட்ச் இருந்திருந்தால் அரை நிமிட வேலை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆகவே தினசரி விறகு ஏற்றி மேல் டிவிசன் பாதையிலேயே கிடப்பவர், சக்கரம் தூக்கிக்கொள்ளும் பாதையில் வாரத்துக்கு நாலு நாள் போகிறவர், அவருக்கு உங்கள் நாலு வரி சரி. அவரும் போட்டு எடுக்கக்கூடியதைத்தான் போட வேண்டும். காற்றில் பூட்டுவது இருக்கிறது, ஆஸ்திரேலிய ஏ.ஆர்.பி. லொக்கர் மாதிரி. அதற்குச் சின்னக் கொம்பிரஸரும் காற்றுக் குழாயும் வேண்டும், குழாய் ஆக்சில் வரைக்கும் போகும், கல் பட்டு அறுந்தால் லொக் இல்லை. மின்சாரத்தில் பூட்டுவது சில டொயோட்டாக்களில் கம்பனியிலிருந்தே வருகிறது. இரண்டுக்கும் ஒரே குணம். சுவிட்ச் போடாத நேரம் அது வெறும் சாதாரண டிஃப். மழைநாளில் முடக்கு முடக்காக ஏறும்போது, போட்டால் மூக்கு திரும்பாது, போடாவிட்டால் பழைய வழுக்கல். தினசரி ரோட்டில் காசு கொடுத்த பலன் ஒன்றுமில்லை.

தானாகவே பூட்டித் தானாகவே திறக்கும் டெட்ரொயிட் மாதிரி லொக்கர்களை எங்கள் பக்கம் நான் சிபாரிசு செய்யமாட்டேன். முடக்கில் கால் அமுக்கியிருந்தால் வெளிச் சக்கரத்தை விட்டுவிட்டு உள் சக்கரத்தை மட்டும் ஓட்டும், காலை எடுத்ததும் டக் என்று மாறும், அந்த டக்கில் வால் ஒரு உதறு உதறும். நீளம் குறைந்த ஜீப்பில், ஈரத்தில், அந்த உதறல் வேண்டாம். மஹிந்திரா தார், பொலேரோ நியோ மாதிரி வண்டிகளின் சில ரகங்களில் வரும் ஈட்டன் பூட்டு இதைவிடப் புத்திசாலி. இரண்டு சக்கரத்துக்கும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் பூட்டும், மணிக்கு 32 கிலோமீற்றருக்கு மேல் போனால் பூட்டாது. முடக்கில் வரும் வித்தியாசம் அந்த அளவுக்குப் போகாது என்பதால் நம்ம ரோட்டுக்கு அது ஒத்துவரும். பழைய ஹைலக்ஸுக்கு அதைத் தேடி அலைவதில் பயனில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் திறக்கும்வரை, எங்களைப் போன்றவர்கள் இருந்த வண்டியைத்தான் உயிரோடு வைத்திருந்தோம். அந்தக் காலத்தில் பஞ்சிகாவத்தைக்கு நான் போகாத மாதம் குறைவு. அங்கே டிஃப் வாங்கப் போகிறவர்கள் பல் எண்ணாமல் காசைக் கொடுக்கக் கூடாது. டிஃபின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 41 பல், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 10 பல் என்றால் விகிதம் 4.1. அதே 41க்கு பினியனில் 9 என்றால் 4.556. வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், இடத்திலும் சரியாக உட்காரும். முன்பக்கமும் இழுக்கிற வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று போட்டால் முன்னும் பின்னும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும், தாரில் பத்து அடி போவதற்குள் ஸ்டியரிங் சொல்லிவிடும்.

எல்.எஸ்.டி. என்று சொல்லி விற்பது எல்லாம் எல்.எஸ்.டி. இல்லை. தட்டு வைத்ததை வண்டியில் மாட்டிச் சோதிக்க ஒரு வழி: பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் அது சாதாரண டிஃப், அல்லது தட்டு தேய்ந்து செத்துப்போன எல்.எஸ்.டி. இரண்டும் காசுக்கு ஒன்றுதான். ஒரே பக்கம் சுற்றினால் உயிர் இருக்கிறது. இன்னொன்று, எல்.எஸ்.டி. வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜெக்கில் தூக்கி, எஞ்சினைப் போட்டு கியரில் ஓடவிடாதீர்கள். தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜெக்கிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அப்படிச் செய்கிற பாஸ்மாரை நான் கண்டிருக்கிறேன்.

பாதை ஒழுங்காக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று மனைவி சொல்கிறாள், இதை எழுதும்போது பக்கத்தில் இருந்து. தோட்டப் பாதை கம்பனியுடையதா, பிரதேச சபையுடையதா என்ற வழக்கைப் பற்றி எழுதினால் உங்கள் முழு மலரும் போதாது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மடுல்சீமைத் தம்பிக்கு: உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை. வண்டி சிக்கும்போது பின்னால் பாரம் இருந்ததா, வெறும் வண்டியா? வெறும் கெப்பின் பின்பக்கம் காற்று மாதிரி. எங்கள் காலத்தில் வெறுமனே மேலே போகிற வண்டியில் இரண்டு மூட்டை உரத்தைப் போட்டுக்கொண்டுதான் போவோம், இறங்கும்போது அதே மூட்டை திரும்பி வரும். எந்தச் சாமானும் வாங்குவதற்கு முன்னால், மண் மூட்டை நாலு எடுத்து, சரியாகப் பின் ஆக்சிலுக்கு மேலே வைத்து, பிரேக் பிடித்தால் முன்னுக்கு வராதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். டயர் பூ எவ்வளவு மிச்சம் என்றும் ஒரு பார்வை பாருங்கள். பிறகு மழை விட்ட ஒரு பின்னேரம் அந்த ஏற்றத்தில் இரண்டாம் கியரில், காலை அமுக்காமல், ஒரே சீராக ஏறிப் பாருங்கள். ஏறினால் காசு மிச்சம். ஏறாவிட்டால், எந்த இடத்தில் நின்றது, அங்கே சக்கரம் தரையில் இருந்து வழுக்கியதா, அந்தரத்தில் தூக்கியிருந்ததா என்று இறங்கிப் பார்த்துவிட்டு இந்தப் பகுதிக்கே மறுபடி எழுதுங்கள். தரையில் இருந்து வழுக்கியது என்றால் எல்.எஸ்.டி., தூக்கியிருந்தது என்றால் சுவிட்ச். ஆசிரியர் இடம் கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கொழுந்து லொறி சாரதி ஒருவர்,
பொகவந்தலாவை.